புத்தலப்பட்டில் மூச்சு விடக் கற்றது

காட்பாடிச் சந்திப்பிலிருந்து வடக்கே திரும்பும் இருப்புப்பாதை, சித்தூரையும் பாகாலையையும் தொட்டுக்கொண்டு திருப்பதிக்குச் செல்கிறது. சென்னையிலிருந்து வேங்கடவனைக் காணச் செல்லும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகவே போய்விடுவதால், இந்தப் பாதையின் அழகை அவர்கள் அறியார். இருபுறமும் கரும்புத் தோட்டங்களும் மாந்தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் யாரோ குவித்துவிட்டு மறந்து போனவைபோல் கிடக்கும் பாறைக் குன்றுகளும் கண்ணுக்கு விருந்தாகும். சாலை வழியாகச் சென்றாலோ, சித்தூருக்கு வடக்கே கடப்பைச் சாலையும் திருப்பதிச் சாலையும் பிரியும் இடத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதுவே புத்தலப்பட்டு.

பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். செங்கல்பட்டில் உள்ள அதே பட்டு. பக்கத்திலுள்ள காணிப்பாக்கத்தில் மீனம்பாக்கத்தின் பாக்கம். 1911ஆம் ஆண்டு சித்தூர் ஜில்லா தனியே அமையும்வரை வடஆர்க்காட்டு ஜில்லாவுக்குத் தலைநகராக விளங்கியது சித்தூர்தான். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூர் அங்கேயே தங்கிவிட்டது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்து போக, புத்தலப்பட்டு சித்தூருடன் நிற்கிறது. எல்லைக் கோடு எங்கே ஓடினாலும், இவ்வூர் மக்கள் ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பதை அது தடுக்கவில்லை. அயல்நாட்டில் நம் குழந்தைகள் இரு மொழியைக் கலந்து பேசுவதைக் கண்டு வருந்தும் பெற்றோர் ஒருமுறை இங்கே வந்து இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம்.

இவ்வூரில் என் தாய்மாமன் வீடு இருக்கிறது. சென்ற சித்திரையில், என் அக்காள் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சித்திரையில் யாராவது சித்தூர்ப் பக்கம் போவார்களா என்று கேட்பீர்கள். வெப்பம் 40 பாகையை எட்டும் நாட்கள் உண்டு. ஆனால் எங்கள் பயணத்துக்குக் காரணமாக இருந்ததே வெப்பந்தான்.

நாம் குடியேறியிருக்கும் குளிர் நாடுகளில், அறையைச் சூடாக்கி அதனுள்ளே யோகாசனம் பழகும் வழக்கம் பரவியிருப்பதை நம் வீடுகளில் அறியாதவர் குறைவு. வெப்ப யோகம் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவில் பிறந்த விக்ரம் சௌத்ரி என்பவர் 1970களில் அமெரிக்காவுக்குச் சென்று பரப்பிய முறை இது. 26 ஆசனங்கள், 90 நிமிடங்கள், ஏறக்குறைய 40 பாகை வெப்பம், காற்றில் நூற்றுக்கு நாற்பது ஈரப்பதம் என்பது அதன் கணக்கு. தொடக்கத்தில் நின்றபடி ஒரு மூச்சுப் பயிற்சி. முடிவில் அமர்ந்தபடி ஒன்று. இந்த ஆசன வரிசை தமக்கே உரிமையானது என்று அவர் நீதிமன்றம் ஏறினார். ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதஞ்சலி முனிவர் வழக்காடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

என் அக்காள் மகள் இத்தகைய வகுப்பு ஒன்றில் சேர்ந்து, நான்காம் நாள் மயங்கி விழுந்தாள். பயிற்சி தந்தவர் தண்ணீர் தெளித்து, முதல் வாரத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் என்றாராம். மருத்துவர் இருதயத்தையும் இரத்தத்தையும் சோதித்துக் குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். குறை ஒன்றும் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண், அதன்பின் மாடிப்படி ஏறவே அஞ்சினாள். நெஞ்சு படபடத்தால் உடனே உட்கார்ந்துவிடுவாள். கூட்டமான பேருந்தில் ஏறமாட்டாள். படிப்பையும் நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோதுதான், "அவளைக் கொஞ்ச நாள் என்னிடம் அனுப்பு" என்று மாமாவிடமிருந்து செய்தி வந்தது.

மாமாவுக்கு இளமையிலிருந்தே இளைப்பு நோய். சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். மூச்சின் அருமை அது தடைப்பட்டவர்க்கே தெரியும் என்பதற்கு அவரே சாட்சி. பள்ளிக்கூட நாளில் ஆசிரியர் ஒருவரிடம் பிராணாயாமம் கற்று, ஐம்பது ஆண்டுகளாக விடாமல் செய்து வருகிறார். அதனால் நோய் போய்விட்டது என்று அவர் சொல்வதில்லை. நோய் வரும்போது பதறாமல் இருக்க முடிகிறது என்று மட்டும் சொல்வார். எனக்கு அவரிடம் நம்பிக்கை பிறந்தது இந்த ஒரு பேச்சினால்தான்.

போய் இறங்கிய மறுநாள் காலை ஐந்து மணிக்குத் திண்ணையில் பாய் விரித்தார். "அம்மாடி, அந்த அறையிலே செய்ததை எனக்கும் காட்டு பார்க்கலாம்" என்றார். அவள் கைகளை உயர்த்தினாள், குனிந்தாள், ஒரு காலில் நின்றாள். மாமா அவள் கையையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குனியும்போது மூச்சை எங்கே வைத்திருந்தாய்?"

"தெரியவில்லை, தாத்தா."

"நான் சொல்கிறேன். தொண்டையிலே அடைத்து வைத்திருந்தாய். நிமிர்ந்ததும் நாலைந்து தடவை வாயால் வாங்கினாய். மறுபடி அடைத்தாய். நீ விழாமல் இருந்தால்தான் அதிசயம்."

இதைச் சற்று விளக்க வேண்டும். வெப்பத்தில் நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தோலை நோக்கி இரத்தத்தை மிகுதியாக அனுப்புகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையால் நீரும் உப்பும் குறைகின்றன. இருதயம் விரைந்து துடித்தால்தான் தலைக்குப் போதிய இரத்தம் போய்ச் சேரும். அந்த நேரத்தில் மூச்சை அடக்கி உடலை முறுக்கினால், நெஞ்சினுள் அழுத்தம் ஏறி, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படுகிறது. பிறகு பதறி வாயால் விரைவாக மூச்சு வாங்கினாலோ வேறொரு கேடு. இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறையும்போது மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், காற்றே போதவில்லை என்று தோன்றும். போதவில்லை என்று இன்னும் வேகமாக வாங்குவோம்; கிறுகிறுப்பு இன்னும் கூடும். அவளுக்கு மாடிப்படியில் நேர்ந்ததும் இதுவே. பயத்தினால் மூச்சு விரைகிறது, மூச்சு விரைவதால் பயம் வளர்கிறது.

மாமா முதல் மூன்று நாட்கள் ஆசனம் எதையும் செய்யவிடவில்லை. மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு சிறு துணி மூட்டையை வைத்துக்கொள்ளச் சொன்னார். மூட்டை ஏறவேண்டும், இறங்கவேண்டும், தோள் அசையக்கூடாது. மூக்கால் இழுக்க வேண்டும், மூக்காலேயே விடவேண்டும். நாலு எண்ணும் வரை உள்ளே. ஆறு எண்ணும் வரை வெளியே. அவ்வளவுதான். நாம் வழக்கமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். இந்தக் கணக்கில் அது ஏறக்குறைய ஆறாகக் குறைகிறது. வெளிமூச்சு நீண்டால் இருதயத் துடிப்பு தணிவதை நாடியில் விரல் வைத்து எவரும் பார்க்கலாம், அவளும் பார்த்தாள். எண்ணிக்கை சொன்னவர் அத்தை. "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று முறத்தில் அரிசி புடைத்தபடியே எண்ணுவார். முறத்தின் தாளமும் அதற்கு ஒத்துவரும்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்குப் பதினாறு, கும்பகத்துக்கு அறுபத்துநான்கு, இரேசகத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை என்று அளவு வகுத்திருக்கிறார். நான் ஆவலோடு இதை எடுத்துச் சொன்னபோது மாமா கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். கும்பகம் என்னும் மூச்சடக்கம் குருவின் பக்கத்திலிருந்து பழக வேண்டியது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், இருதய நோயாளரும், கருவுற்ற பெண்களும் தொடவே கூடாதது. வெயிலில் செய்வது ஒருவருக்கும் ஆகாது என்பது அவர் கட்சி. நூலில் இருப்பதனாலேயே எதையும் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு நம்மவர்க்கு அதிகம். சீதளி ஒன்றை மட்டும் அனுமதித்தார். நாவைக் குழல்போல் மடித்துக் காற்றை உள்ளிழுத்து மூக்கால் விடுவது அது. அவளுக்கு நா மடிந்தது. எனக்கு மடியவில்லை; சிலருக்குப் பிறவியிலேயே மடிவதில்லையாம்.

நாலாம் நாள் பிற்பகல் எங்களை வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். சித்தூர்ப் பக்கத்து வெல்லம் பேர்போனது. பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. கடைசிக் கரும்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் கரும்புச் சக்கை எரிய, மேலே அகன்ற கொப்பரையில் சாறு கொதித்து நுரைத்தது. வெளியே வெயில், உள்ளே நெருப்பு, முகத்தில் ஆவி. வெப்ப யோகத்தார் கட்டணம் வாங்கிக்கொண்டு உண்டாக்கும் அறை இங்கே கூலிக்குக் கிடைக்கிறது! கொப்பரையைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவரைச் சுட்டி, "இவரைப் பார்த்துக்கொண்டே இரு" என்றார் மாமா. அவர் துடுப்பைத் தள்ளும்போது மூச்சு வெளியே போயிற்று. இழுக்கும்போது முகத்தை ஆவியிலிருந்து திருப்பி மூக்கால் வாங்கினார். வாய் மூடியே இருந்தது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று, உப்பிட்ட மோரை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டுத் திரும்பினார். யாரும் அவரை "உள்ளேயே நில், வெளியே போகாதே" என்று சொல்லவில்லை. அக்காள் மகள் பெருமூச்சு விட்டு, "எங்கள் வகுப்பில் கதவைத் திறக்கவே கூடாது, தாத்தா" என்றாள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். புத்தலப்பட்டின் கோடை வெயில் பெரும்பாலும் வறண்டது. வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். ஈரப்பதம் ஏற்றிய மூடிய அறையில் வியர்வை வழியுமே ஒழிய எளிதில் உலராது, குளிர்ச்சியும் அவ்வளவாகத் தராது. ஆகவே வெப்பமானியில் எண் ஒன்றாக இருந்தாலும் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல. வியர்வை வழிந்த அளவைக் கொண்டு பயனை அளப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்த ஜில்லாவுக்கும் மூச்சுக்கும் பழைய உறவு உண்டு. அன்று சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரம் என்னுமிடத்தில், 1915இல் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் நல்ல காற்றை நாடித் தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் அங்கே வந்தனர். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்ததும் அதே மதனப்பள்ளியில்தான். தத்துவம் பேசிய அவர் உடற்பயிற்சியை இழிவாக எண்ணவில்லை. முதுமையிலும் ஆசனமும் பிராணாயாமமும் பழகினார். 1960களில் அவருக்குக் கற்பித்தவர் தேசிகாச்சார். அவர் தந்தையார் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திப் பின் சென்னையில் குடியமர்ந்தவர். அசைவு மூச்சுக்குள் அடங்க வேண்டும் என்பது அந்த வழியினரின் தலையாய பாடம். கை உயரும்போது மூச்சு உள்ளே, குனியும்போது வெளியே. மூச்சு முன்னே தொடங்கும். உடல் பின்னே செல்லும். உலகெங்கும் இன்று பரவியிருக்கும் ஆசனப் பயிற்சிகள் பல அவருடைய மாணாக்கர் வழியாகச் சென்றவையே. அவற்றுள் இப்பாடம் சில இடங்களில் வழியிலேயே உதிர்ந்துபோனது நம் துரதிர்ஷ்டம்.

இரண்டாம் வாரம், அத்தையின் நேர்த்திக்கடனைச் செலுத்தத் திருமலைக்குப் புறப்பட்டோம். அலிபிரியிலிருந்து மேலே செல்லும் நடைவழி ஏறக்குறைய 9 கிலோமீட்டர். படிகள் 3,550 என்று கணக்கு. சீனிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் தூரமும் குறைவு, படிகளும் குறைவு, ஆனால் செங்குத்து. இருதய நோயும் இளைப்பும் உள்ளவர்கள் நடைவழியைத் தவிர்க்குமாறு தேவஸ்தானமே அறிவுறுத்தியிருப்பதால், மாமா பேருந்தில் ஏறிக்கொண்டார். போகுமுன் அவளிடம் ஒரே ஒரு விதி சொன்னார்: "பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறு. பேச முடியவில்லையென்றால் நின்றுவிடு. நிற்பதற்கு வெட்கப்படாதே."

அலிபிரி அடிவாரத்தில் அண்ணாந்து பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. மாடி ஏற அஞ்சியவளுக்கு எதிரே மலையே நின்றது. "சித்தி, நான் தாத்தாவோடு போய்விடட்டுமா?" என்றாள். நான் மறுமொழி சொல்லுமுன் அத்தை மஞ்சள் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்; குங்குமம் அத்தையின் கையில். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டுச் செல்வது பெண்களின் நேர்ச்சை. வழி முழுவதும் அன்று, முதல் சில நூறு படிகளுக்கு என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் குனிய வேண்டும், நிமிர வேண்டும், ஓர் அடி ஏற வேண்டும். ஐம்பது படி சென்றதும் நான் கவனித்தேன். அத்தை குனியும்போது "கோவிந்தா" என்கிறார். மூச்சு வெளியே போகிறது. நிமிரும்போது வாய் மூடுகிறது. மூச்சு உள்ளே வருகிறது. யாரும் அவருக்குப் பிராணாயாமம் கற்பித்ததில்லை. அக்காள் மகளும் தன்னை அறியாமலே அந்தத் தாளத்தில் சேர்ந்துகொண்டிருந்தாள்.

கூட்டங்கூட்டமாக ஏறும் பக்தர்களின் கோஷத்திலும் இதே சூட்சுமம் இருக்கிறது. முன்னே செல்பவர் ஒருவர் நீட்டி அழைக்கிறார். பின்னே வருபவர்கள் அத்தனை பேரும் "கோவிந்தா" என்று நீட்டிப் பதில் சொல்கிறார்கள். அவர் அழைக்கும்போது இவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். இவர்கள் முழங்கும்போது அவர் வாங்குகிறார். வெளிமூச்சு தானே நீள்கிறது. பக்தியைப் பயிற்சியாகக் குறைத்துப் பேசுவது என் எண்ணமன்று. இரண்டும் ஒன்றாக இருப்பதில் பழுது என்ன?

செங்குத்தான படிகளின் பெரும்பகுதி முடிகிற இடத்தில் உயர்ந்து நிற்கிறது காலி கோபுரம். வெறுமையான கோபுரம் என்று நம்மவர் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. உயர்ந்த வாயிற் கோபுரத்துக்கு அங்கே வழங்கும் பொதுப்பெயரே காற்றுக் கோபுரம் என்பதுதான். அங்கே நின்றபோது கீழே திருப்பதி நகரம் பொம்மைப் பெட்டிபோல் தெரிந்தது. எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தியது. மூச்சு வாங்கும் களைப்பை நம் தமிழ் 'இளைப்பு' என்கிறது. அது தீர்வதை 'இளைப்பாறுதல்' என்கிறது. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அந்தத் திண்ணையில்தான் முழுதாய் விளங்கியது. அவள் நாடியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். பயந்து அன்று, கணக்குப் பார்க்க.

கோபுரத்துக்குப் பின் வழி வெகுதூரம் சமமாகவே போகிறது, மான்களைக் காணலாம். இறுதியில் முழங்கால் முறிச்சான் என்று நம்மவர் சொல்லும் மோக்காள மெட்டு. அங்கே அவள் ஏழு முறை நின்றாள். ஏழு முறையும் உட்காரவில்லை. கைப்பிடியைப் பற்றி நின்று, நாலும் ஆறுமாக எண்ணிவிட்டு ஏறினாள். மேலே மாமா வெயிலில் காத்திருந்தார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். கோடையில் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். வழியின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு, குடிநீரும் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் இந்நடைவழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்த பின், குழந்தைகளுடன் செல்ல நேரக் கட்டுப்பாடு விதித்தார்கள்; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ, வியர்வை திடீரென நின்றாலோ, பேச்சுக் குழறினாலோ, அது மூச்சுப் பயிற்சிக்கு உரிய நேரமன்று. நிழலும் நீரும் மருத்துவரும் வேண்டிய நேரம். வெப்ப அறைகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஊர் திரும்பிய பின் அவள் அதே வகுப்புக்கு மீண்டும் போனாள். கதவருகே இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஒரு காலில் நிற்கும்போது இவள் மூச்சுத் தவறினால் இரு காலிலும் நின்றுவிடுகிறாள். வேண்டியபோது வெளியே வந்து நீர் அருந்துகிறாள். பயிற்சி தருபவர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு பேசாமல் இருந்துவிட்டார். மாடிப்படியும் பேருந்தும் இப்போது பேச்சிலேயே வருவதில்லை. தேர்வு எழுதி முடித்துவிட்டாள்.

சென்ற வாரம் அத்தை தொலைபேசியில் அழைத்து, அந்த அறைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ரூபாய்க் கணக்கில் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தக் காசுக்கு இரண்டு மூட்டை வெல்லம் வாங்கலாமே! கொப்பரைப் பக்கத்திலே நிற்பதற்கு ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்றார்.